வகுப்புக் குழுவில் மீன் கூவினேன்

எனக்கு எழுபத்தோரு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது, செத்துப்போன என் சின்ன மகளின் பெண். காசிமேட்டில் மீன் எடுத்து ராயபுரத்துத் தெருக்களில் விற்றுத்தான் எல்லோரையும் ஆளாக்கினேன். யார் வாசலிலும் போய் நின்றதில்லை.

தன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாளிலிருந்தே பேத்திக்கு நர்ஸ் ஆக வேண்டும் என்று ஆசை.

வீட்டில் என் போன் ஒன்றுதான். வாட்ஸப்பில் இரண்டு குழு. ஒன்று என் வாடிக்கைக்காரர்களுடையது. காலையில் என்ன மீன் என்று அதில் பேசி அனுப்புவேன். மற்றது பேத்தியின் பன்னிரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நேரமாகும். குழுவின் படத்தைப் பார்த்துத்தான் தொடுவேன். எனக்குப் படகு, அவளுக்குப் புத்தகம்.

பரீட்சை முடிந்ததும் டீச்சர் பிள்ளைகளை எண்ணூர் முகத்துவாரத்துக்கு அழைத்துப்போய், அங்கே எடுத்த படத்தைக் குழுவுக்கு வைத்துவிட்டார். அதிலும் படகு. மறுநாள் காலை அதைத் தொட்டுக் கூவினேன்.

"சங்கரா வந்து கீது, கடம்பா கீது. யாருக்கு வோணும், சட்டுனு சொல்லும்மா!"

ஒரே சிரிப்புப் பொம்மைகள். ஒரு பெண் குரல் அனுப்பினாள்: "ஆயா, கணக்குப் பாடத்துக்கு ரெண்டு கிலோ கடம்பா!" டீச்சர் தன்மையாகத்தான் சொன்னார்: "பாட்டி, இது படிப்புக்கான குழு."

எனக்குத்தான் பொறுக்கவில்லை. எதிர்வீட்டு மருமகளிடம் போனை நீட்டினேன்.

"இந்த குரூப்பே வாணாம். எட்த்துடு."

"பாப்பாவ கேட்டியா ஆயா?"

"போன் என்துடி."

பேத்தியிடம், "லீவுன்னு டீச்சரே நிறுத்திட்டாங்களாம்" என்றேன். நான் சொன்னதால் நம்பினாள்.

நர்சிங்குக்கு எப்படி விண்ணப்பம் போடுவது, என்னென்ன சான்றிதழ், எது கடைசி நாள், எல்லாம் அந்தக் குழுவில்தான் வந்திருக்கிறது. சந்தேகம் கேட்ட பிள்ளைகளுக்கெல்லாம் டீச்சர் அதிலேயே பதில் சொல்லியிருக்கிறார். கூடப் படித்தவள் ஒருத்தி மார்க்கெட்டில் பார்த்து, "இன்னாத்துக்குடி குரூப்ப வுட்டு போய்ட்ட? நாங்கல்லாம் போட்டுட்டோம்" என்று கேட்டபோது, கடைசி நாள் போய் ஒரு வாரம்.

பேத்தி என்னைப் பார்த்தாள். போன் தானாக ஏதோ செய்துவிட்டது என்றேன்.

"வுடு ஆயா. அட்த்த வர்சம் போட்டா போச்சு." எனக்கே ஆறுதல் சொன்னாள்.

இப்போது திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறாள். மறுபடி விண்ணப்பம் போடும் காலம் வந்தது. ஞாபகப்படுத்தினேன். "பட்ச்சதெல்லாம் மறந்துட்சு ஆயா" என்று படுத்துக்கொண்டாள்.

வாயால் சொல்ல முடியவில்லை. மூணாம் வகுப்பு எழுத்தில் நாலு நாளாக, நான் செய்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். வேலை விட்டு வந்தவளை உட்காரவைத்து நோட்டைக் கொடுத்தேன்.

"இன்னா ஆயா, லவ் லெட்டரா?"

"மொத்தத்தயும் சத்தமா படி. நடுவுல நிறுத்தாத."