சிவப்புக் கேக்கில் ஒரு சூரியன்

கிறிஸ்தோப்பர் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. ஜேர்மனியின் வுப்பர்டாலில் பஸ் நேரத்துக்கு வந்தால்கூட, ‘இதில் ஏதோ இருக்கு’ என்று யோசிப்பார். போர்க்கால மன்னாரில் இரண்டு பக்கத்து ஆயுதக்காரருக்கும் பதில் சொல்லி வளர்ந்தவருக்கு வேறு என்ன குணம் வரும்! அவரை முழுசாக நம்பிய ஒரே மனிதர் முதலாளி ஸ்டெர்யோஸ். கிரேக்கர், தெசலோனிக்கிக்காரர். அவருடைய உணவகத்தின் குசினியும் கடைச் சாவியும் கிறிஸ்தோப்பர் கையில்தான்.

இறைச்சி வாட்ட கோரான் வந்தபிறகுதான் வில்லங்கம் தொடங்கியது. எந்த ஊர் என்று முதலாளி கேட்க, “நான் மாசிடோனியன்” என்றான், கிரேக்கத்துக்கு வடக்கே அந்தப் பெயரில் இருக்கும் நாட்டுக்காரன். அவ்வளவுதான்.

“நான்தான் மாசிடோனியன்! எல்லைக்கு இந்தப் பக்கம், கிரேக்கத்தில் எங்கள் ஊர் இருக்கும் பகுதிதான் மாசிடோனியா. அந்தப் பக்கத்துக்காரர் எங்கள் பெயரையும் எடுத்தார்கள், மாவீரன் அலெக்சாந்தரையும் எடுத்தார்கள்,” என்று முதலாளி குசினிக்குள் வந்து பொரிந்து தள்ளினார். “கிறிஸ்தோப்பர், அவன்மேல் ஒரு கண் வை. ஏதாவது செய்தால் வேலை போச்சு.”

வேலை போனால் கோரானின் விசாவும் போகும். கண் வைப்பது எங்கே போய் முடியும் என்று கிறிஸ்தோப்பருக்குத் தெரியாதா? தெரிந்தும் வைத்தார். அவன் போனில் மெதுவாகப் பேசினால் காது கொடுத்தார். பழைய மாசிடோனிய அரசரின் சின்னமாம், கடைச் சுவரில் முதலாளி மாட்டிய நீலப் பலகையில் ஒரு பொன் சூரியன் இருந்தது. அதை அவன் நின்று பார்த்தால், ஏன் பார்க்கிறான் என்று இவருக்குக் குடைந்தது.

கடையின் முப்பதாவது ஆண்டு விழா வந்தது. ஊரில் பாதித் தமிழருக்குக் கேக் அடித்துக் கொடுக்கிறவர் இவர் மனைவி சுஜீவா.

“உந்தச் சூரியனைப் போட்டு ஒண்டு அடியும்,” என்று கிறிஸ்தோப்பர் அந்தப் பலகையின் படத்தைக் காட்டினார்.

“நீலத்திலையோ? ஆர் உதைத் தின்னுறது? நாக்கெல்லாம் நீலமாப் போயிடும். நல்ல நாளிலை சிவப்பும் மஞ்சளும்தான் எடுப்பு.”

“ஓம், உமக்குத் தெரியும்தானே.”

எல்லாவற்றிலும் ஏதோ இருக்கு என்று துருவுகிற மனிதர், அன்றைக்கென்று யோசிக்காமல் விட்டார்.

விருந்தினர் முன்னால் பெட்டியைத் திறந்த முதலாளியின் முகம் கறுத்துப்போனது.

“சிவப்பில் எங்கள் சூரியனா? அவர்கள் திருடிக் கொடியாக ஏற்றியது இது! நாங்கள் சண்டை பிடித்து இறக்கவைத்த கொடி! கோரான், இது உன் வேலைதான், வெளியே போ!”

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். கிறிஸ்தோப்பருக்கு மனம் கேட்கவில்லை. ஐயோ பாவம், அவன் என்ன செய்தான்?

“முதலாளி, அவனுக்கு ஒன்றும் தெரியாது. சூரியன் நான் சொன்னது, சிவப்பு என் மனைவி போட்டது. நீலக் கேக்கை யார் தின்பார்கள் என்று...”

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “எப்போதிருந்து நீ அவன் பக்கம்?”

கோரான் ஏப்ரனைக் கழற்றிக்கொண்டே கசப்பாகச் சிரித்தான். “நன்றாக நடிக்கிறீர்கள், இரண்டு பேரும். என்னைத் துரத்த ஒரு கேக்கா?” ஏப்ரனை நிலத்தில் எறிந்துவிட்டுப் போனான்.

“மடு மாதாவாணை, எனக்கு ஒண்டும் தெரியாது!” பதற்றத்தில் கிறிஸ்தோப்பருக்கு ஊர் மாதாமேல் சத்தியம் தமிழில்தான் வந்தது.

“இப்போது யாருக்கு என்ன சொன்னாய்?” என்றார் முதலாளி. பிறகு கையை நீட்டினார். “சாவியைத் தா.”

கிறிஸ்தோப்பர் சாவியைக் கேக்குக்குப் பக்கத்தில் வைத்தார். கேக்கை யாரும் வெட்டவில்லை.