காயாத பச்சை

மஸ்கெலியா நீர்த்தேக்கக் கரையில், நான் வேலை பார்க்கும் விடுதியின் பழைய பாய்ப்படகுக்கு, ஆள் வைக்காமல் நானே மேல்தட்டைச் சுரண்டி பெயிண்ட் டின்னைத் திறந்தபோது, அந்த வாசனையில் அக்கரைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த எங்கள் லயக் குடியிருப்பும், தகரக் கூரையிலிருந்து சொட்டும் பனியும், உரப்பைகளைத் தைத்துப் பாயாக்கிய அப்பாவின் படகும் வந்துவிட்டன.

லயத்துக்குப் பாதை கிடையாது, படகுதான். அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட வேண்டிய வாரம், அப்பா அதன் தட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடித்தார். மறுநாள் உப்புத்தாளால் தேய்த்து மறுபடி அடித்தார், அதற்கு மறுநாளும். பலகையில் தாள் உரசும் சத்தம் நாள் முழுக்கக் கேட்டது.

மூன்றாம் நாள் மாலை அம்மா பையோடு வந்தாள்.

"இன்னும் காயலை," என்றார் அப்பா, நிமிராமல்.

"போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இருந்துர்றேன்."

அவர் சம்பளத்தில் எங்கள் பசி ஆறாது என்பது இருவருக்கும் தெரியும். அப்பா பெயிண்ட் டின்னை மூடி வைத்தார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்திலேயே ஏறி உட்கார்ந்தாள். அப்பாவே பாயை விரித்தார்.

அடுத்த மழையில் மண்சரிந்து லயம் போனது. எங்களைக் கொட்டகலைக்கு அனுப்பினார்கள். அம்மாவிடமிருந்து பிறகு ஒரு கடிதமும் வரவில்லை. சாவதற்கு முன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் சொல்லியிருக்கணும்மா."