தலை மட்டும் இருந்த போல்ட்டுகள்

இந்த நிமிடம் உங்கள் மோட்டார் சைக்கிளை எது நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது? ஸ்டாண்ட் என்பீர்கள். அந்த ஸ்டாண்டை எது பிடித்துக்கொண்டிருக்கிறது?

எனக்கும் தெரியாது. மொராக்கோ நாட்டு மராக்கேஷில், தோல் சந்தைக்குப் பின்னால் ஹாஜி ஜிலாலி நடத்தும் வண்டிக் கொட்டகையில் ஒன்பது வருடம் என் வண்டியை நிறுத்தியிருக்கிறேன். ஒருநாள்கூடக் குனிந்து தரையைப் பார்த்ததில்லை. அந்த வேலையை ஹனியா பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹனியாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஷிஷாவா ஊர்ப் பக்கத்துக்காரர். பதினான்கு வருடம் ஆலிவ் ஊறவைக்கும் ஆலையில் உப்புத் தண்ணீரில் கை வைத்து வேலை பார்த்தவர். விரல் நகங்கள் உதிர ஆரம்பித்ததும் ஆலை வெளியே அனுப்பிவிட்டது. கொட்டகைக் காவலுக்கு வந்தபோது சிரிக்காத ஆம்பிளை இல்லை. பெண்களை மரியாதையாக அழைக்கும் 'லல்லா'வையே கேலியாக்கி, "இது அடுப்படி இல்ல லல்லா, முந்நூறு கிலோ வண்டி" என்றார்கள். "அடுப்படியில முந்நூறு கிலோ மாவு பிசைஞ்சவதான் நான். நகரு" என்றார்.

சின்ன வண்டிகள் தம் சொந்தக் காலில் நிற்கும். வெளிநாட்டுப் பயணிகளை மலைக்கு அழைத்துப் போகும் பெரிய வண்டிகளுக்காக வலப்பக்கம் ஆறு இரும்பு ஸ்டாண்டுகள் இருந்தன. முன்சக்கரத்தை உருட்டி உள்ளே விட்டால், அடியில் இருக்கும் தட்டு சாய்ந்து சக்கரத்தின் பின்புறம் எழுந்து கவ்விக்கொள்ளும். வண்டி தானாக நிமிர்ந்து நிற்கும். ஆனால் ஸ்டாண்டின் அடி குறுகலானது. தரையோடு நான்கு போல்ட் போட்டு முடுக்கியிருந்தால்தான் அதற்கு மதிப்பு. ஒவ்வொரு வண்டியின் சக்கர அளவுக்கும் ஏற்றபடி ஹனியா முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்பு வளையத்தை நகர்த்தி வைப்பார். பிறகு ஹேண்டில்பாரைப் பிடித்து மூன்று தடவை ஆட்டுவார். 'டக்' என்று ஒரே சத்தம் வர வேண்டும். இரண்டு சத்தம் வந்தால் பிடி தளர்ந்திருக்கிறது என்று வண்டியை வெளியே இழுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

மலைக்கு வழிகாட்டியாகப் போகும் இத்ரீஸுக்கு அந்தப் பொறுமை கிடையாது. "சக்கரம் உள்ள போயிடுச்சு லல்லா. விடு, பசிக்குது."

"எலிகூடத்தான் பொறிக்குள்ள போகுது மகனே. பிடிச்சிருக்கான்னு பாக்கணும்ல? நீ போய்ச் சாப்பிடு. உன் வண்டிக்கு உன்னவிட அறிவிருக்கு, அது நிக்கும்."

பதினோரு வருடம் ஒரு வண்டியும் விழவில்லை.

மே மாதம் ஹாஜியின் கடைசிப் பெண்ணுக்குக் கல்யாணம். விருந்தைக் கொட்டகையிலேயே வைத்தார்கள். கம்பளம் விரிக்கத் தரை சமமாக வேண்டும் என்று ஆறு ஸ்டாண்டுகளையும் பெயர்த்து ஓரமாகப் போட்டார்கள். மூன்று நாள் கழித்து ஹனியா வேலைக்கு வந்தபோது அவை பழைய இடத்திலேயே இருந்தன. புதுசாகக் கறுப்பு பெயிண்ட். மூலைக்கு ஒன்றாக நான்கு போல்ட் தலைகள். எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. இத்ரீஸின் வண்டியை ஏற்றி ஆட்டினார். இரண்டு சத்தம் வந்தது.

நேராக ஹாஜியிடம் போனார். நான் அப்போது என் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஹாஜி, ஸ்டாண்ட் ஆடுது."

"புது சிமெண்ட்டு. காஞ்சா சரியாயிடும்."

"காயட்டும். அதுவரைக்கும் பெரிய வண்டி ஏத்த வேணாம்."

"உன் வேல வண்டியப் பாக்குறது. தரையப் பாக்குறது இல்ல."

"தர இல்லாம வண்டி ஆகாசத்துலயா நிக்கும்?"

ஹாஜி சிரித்தார். "எழுதினதுதான் நடக்கும் லல்லா ஹனியா. போ, தேநீர் போடு."

ஹனியா தேநீர் போடவில்லை. கயிறு வாங்கி வந்து ஆறு வண்டியையும் சுவரோடு சேர்த்துக் கட்டினார். மறுநாளே ஹாஜி அவற்றை அவிழ்க்கச் சொன்னார். பயணிகள் பார்த்தால் பயப்படுவார்களாம், பழைய சாமான் கடை மாதிரி இருக்கிறதாம். அவிழ்க்காவிட்டால் வேறு ஆள் வருவான் என்றார். ஹனியா அவிழ்த்தார். மூன்றாவது ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான் அவருடைய முக்காலி. இரண்டு வாசலும் தெரிகிற இடம் கொட்டகையிலேயே அது ஒன்றுதான்.

ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. முட்டைக்காரர் தன் சின்ன வண்டியைப் பின்னால் உருட்டினார். அவருடைய கூடை, மூன்றாவது ஸ்டாண்டில் நின்ற பெரிய வண்டியின் பக்கப் பெட்டியில் உரசியது. இடிக்கவில்லை, உரசியது. ஒரு முட்டைகூட உடையவில்லை. அந்த வண்டி ஒரு கதவு சாய்வதுபோல மெதுவாக, முக்காலியில் உட்கார்ந்திருந்த ஹனியா மேல் சாய்ந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆறு பேர் சேர்ந்து தூக்கினோம். ஹனியாவின் இடது முழங்காலுக்குக் கீழே, மடங்கக் கூடாத இடத்தில் கால் மடங்கியிருந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவர் கத்தவில்லை. முதலில் சொன்ன வார்த்தை இது: "பெட்ரோல் ஒழுகுது. யாரும் சிகரெட் பத்த வைக்காதீங்க."

அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகுதான் வண்டியைப் பார்த்தேன். ஸ்டாண்டும் சேர்ந்தே பெயர்ந்து வந்திருந்தது. இரும்பு வளையம் இன்னும் முன்சக்கரத்தைக் கவ்விக்கொண்டிருந்தது. ஹனியா வைத்த பிடி, வைத்தபடி அப்படியே இருந்தது. விட்டுப்போனது தரையோடு இருந்த பிடி.

ஒன்பது வருடத்தில் முதல்முறையாகக் குனிந்தேன். தரையில் நான்கு போல்ட் தலைகள் சிதறிக் கிடந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பினேன். தண்டு இல்லை. தலைக்கு அடியில் வழவழவென்று அறுத்திருந்தார்கள். அறுத்த இடத்தில் கொஞ்சம் சிமெண்ட் பசை. மேலே பெயிண்ட். துரு ஏறிய போல்ட்டைக் கழற்றச் சோம்பல்பட்டு அறுத்தார்கள் என்றால் புரிந்துகொள்வேன். அறுத்த தலையை மறுபடி ஒட்டி வைத்து அதற்குப் பெயிண்டும் அடித்தார்களே! அடுத்த ஸ்டாண்டின் போல்ட்டை நகத்தால் நெம்பினேன். ஒரு பொத்தான் மாதிரி கையோடு வந்தது. அதன் மற்ற மூன்றையும் நெம்பி, எட்டுத் தலைகளையும் பையில் போட்டுக்கொண்டேன்.

பக்கத்தில் நின்ற முட்டைக்காரர் எட்டிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "எழுதினது" என்றார். தெரு முழுக்க அன்று அதையேதான் சொன்னது. எழுதியதாம்! எழுதியவன் கையில் இரும்பு அறுக்கும் கருவி இருந்ததா? பெயிண்ட் பிரஷ் இருந்ததா? ஏழையின் எலும்பு உடையும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது இந்த எழுத்து? ஹாஜியின் பணப்பெட்டிக்கு இரண்டு பூட்டு உண்டு. அந்த இடத்தில் ஏன் அவர் எழுத்தை நம்புவதில்லை?

மூன்று வாரம் கழித்து சமாதானம் பேச வந்தார்கள். எங்கள் ஊரில் தப்பு செய்த பக்கம் நீலத்தாள் சுற்றிய கூம்பு சர்க்கரையைத் தட்டில் வைத்துக் கொண்டு வரும். வாங்கிக்கொண்டால் மன்னித்ததாக அர்த்தம். அதற்குப் பிறகு புகார் கிடையாது, வழக்கு கிடையாது, சிகிச்சைக்கும் இழந்த வேலைக்கும் கேட்க வாய் கிடையாது. ஹனியாவின் காலில் இரும்புத் தகடு வைத்திருந்தார்கள். இன்னொரு அறுவை சிகிச்சை பாக்கி இருந்தது. அது நடக்காவிட்டால் ஊன்றுகோல்தான் ஆயுசுக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"வீட்டுக்கு வர வேணாம். கொட்டகையிலயே பேசுவோம்" என்று ஹனியா சொல்லி அனுப்பினார்.

சாயங்கால அசர் தொழுகை முடிந்து பன்னிரண்டு பேர் வந்தார்கள். தட்டில் நான்கு கூம்பு சர்க்கரை. தெருவில் எந்தச் சண்டையையும் தீர்த்து வைக்கும் ஸீ அப்பாஸ் நடுவில் நின்றார். ஊன்றுகோலில் சாய்ந்தபடி ஹனியா வந்தார்.

"யாரும் வேணும்னு செய்யல மகளே. எழுதினது. மனச விட்டுச் சர்க்கரைய வாங்கிக்க" என்றார் ஸீ அப்பாஸ்.

"ஆமா லல்லா ஹனியா. நம்ம கையில என்ன இருக்கு?" என்றார் ஹாஜி.

ஹனியா தலையாட்டினார். "சரி ஹாஜி. மொதல்ல தேநீர் குடிப்போம். உக்காருங்க." தன் முக்காலியைக் காட்டினார். அது பழைய இடத்திலேயே இருந்தது. மூன்றாவது ஸ்டாண்டை மறுபடி அதே இடத்தில் வைத்திருந்தார்கள். அதே கறுப்பு பெயிண்ட், அதேபோல நான்கு தலைகள், அதே பெரிய வண்டி. வாடிக்கையை விட மனமில்லாமல் ஹாஜியே வைக்கச் சொன்னதுதான்.

ஹாஜி அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்காரப் போனார். உட்காரும் முன் ஒரு தடவை ஸ்டாண்டின் அடியைப் பார்த்தார். பிறகு ஒரு கையால் முக்காலியைப் பிடித்து, இரண்டு அடி பின்னால் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.

புதினாத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் கோப்பை நிறைந்து வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. பன்னிரண்டு பேரும் அந்த இரண்டடி வெற்றுத் தரையையே பார்த்தார்கள்.

"ஏன் ஹாஜி நகத்துனீங்க?" என்று ஹனியா கேட்டார். குரல் உயரவில்லை. "எழுதியிருந்தா எங்க உக்காந்தாலும் வரும்ல?"

ஸீ அப்பாஸ் குனிந்து ஒரு போல்ட் தலையைத் தொட்டார். அது அவர் விரலோடு வந்தது. அதை உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தார். முகம் செத்துப்போனது.

"எனக்குத் தெரியாது ஹனியா" என்றார்.

"அவருக்குத் தெரியும்."

ஊன்றுகோலின் நுனியால் சர்க்கரைத் தட்டை ஹாஜி பக்கம் தள்ளினார் ஹனியா. "இத எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு முழு போல்ட்டோட வாங்க. என் காலப் பத்தி நீதிபதிகிட்டப் பேசிக்கிறேன்."

வழக்கு நடக்கிறது. ஸீ அப்பாஸ் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார். முட்டைக்காரர் இன்னும் யோசிக்கிறார். என்னிடம் எட்டு போல்ட் தலைகள் ஒரு சோப்பு டப்பாவில் இருக்கின்றன, நீதிமன்றத்தில் கொடுக்க.

நீங்கள் இப்போது எழுந்து கீழே போங்கள். வண்டியைப் பார்க்காதீர்கள், அது நிற்கிற தரையைப் பாருங்கள். போல்ட் இருந்தால் விரலால் நெம்பிப் பாருங்கள். கையோடு வந்தால், வண்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரை முதலில் எழுந்திருக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு முதலாளியைக் கூப்பிட்டு அதே முக்காலியில் உட்காரச் சொல்லுங்கள்.