கடைசி சீட்டுப் பிள்ளைகள்

“எல்லாரும் பெல்ட்டு போட்டாச்சா?” என்று கேட்ட பிறகுதான் வண்டியைக் கிளப்புவார். பதில் வராது. பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பிளாஸ்டிக் பொம்மைகள். ஆள் எடைக்குத் தண்ணீர் ஊற்றி, கழுத்தில் மூடியைத் திருகி, பெல்ட்டு மாட்டி உட்கார வைத்திருப்பார்கள். கழுத்துக்கு மேலே ஒன்றும் கிடையாது. தலையில்லாத குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு பகல் முழுக்கச் சுற்றுவதுதான் இன்னும் விற்பனைக்கு வராத கார்களை ஓட்டிப் பார்க்கும் எங்கள் டெஸ்ட் அக்காவின் உத்தியோகம்.

குடும்பம் என்று நானாகச் சொல்லவில்லை. அவரே அப்படித்தான் சொல்வார். பக்கத்து சீட்டில் மாமனார். நடுவரிசையில் மாமியாரும் நாத்தனாரும். கடைசி வரிசையில் பெரியவன், சின்னவன். பிரேக்கைக் கொஞ்சம் அழுத்திவிட்டால் “பாத்து மாமா” என்பார். வளைவில் வேகமாகத் திரும்பிவிட்டால் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்பார். “நிஜ மாமியார்ட்ட நான் இவ்வளவு மரியாதையா பேசினதில்ல தம்பி. இவங்க திருப்பிப் பேச மாட்டாங்கல்ல, அதான்” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

நான் அதே கார் கம்பெனியில் கையேடு எழுதுகிறவன். கார் வாங்குகிறவர்கள் உறையைக்கூடப் பிரிக்காமல் டேஷ்போர்டுக்குள் தள்ளி மூடுவார்களே, அந்தப் புத்தகத்தை எழுதிய பெருமை என்னைச் சேரும். வரப்போகும் வண்டியில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பார்க்க அக்காவோடு அவ்வப்போது போவேன். அப்படி ஏற்பட்ட பழக்கம்.

வண்டியில் பாட்டு கிடையாது, பேச்சும் பொம்மைகளோடு மட்டும்தான். தடித்த செருப்பு போட மாட்டார். அதிர்வு பாதத்துக்கு வராதாம். மேட்டில் ஏறும்போது நாக்கு நுனியைப் பற்களுக்கு நடுவில் லேசாக வைத்துக்கொள்வார். இன்ஜினில் ஏதாவது கோளாறென்றால் முதலில் நாக்குக்குத்தான் தெரியும் என்பது அவர் கட்சி. இத்தனை வண்டி ஓட்டுகிறவர் வீட்டுக்குப் போவது என்னவோ பஸ்ஸில்தான், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. “நாள் பூரா சமைச்சவங்களுக்குச் சாப்பாட்டப் பாத்தாலே போதும்னு ஆயிரும்ல, அது மாதிரிதான்.”

இப்போது அவர் கையில் இருப்பது அடுத்த மாடல். காருக்கும் ஜீப்புக்கும் நடுவில் பிறந்து, வீட்டில் உள்ள அத்தனை பேரையும் ஏற்றிக்கொள்ளும் எஸ்யூவி. உருவம் வெளியே தெரியக் கூடாதென்று உடம்பு முழுக்கக் கறுப்பு வெள்ளைச் சுழி போட்ட ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார்கள். ஒளிக்க ஒட்டிய ஸ்டிக்கரே ஊரைக் கூட்டிவிடுகிறது. சிக்னலில் நின்றால் நாலு பேர் போனை நீட்டுகிறார்கள். அன்று சாயங்காலமே இணையத்தில் ஆளுக்கொரு கதை. டர்போ வருகிறது, பேட்டரி வருகிறது, கூரை திறக்கப் போகிறது. இதையெல்லாம் படித்துவிட்டு அக்காவின் கொழுந்தனார் ஞாயிறுதோறும் வந்து உட்கார்ந்துவிடுவாராம். “அண்ணி, ஒரே ஒரு வார்த்த. இப்ப வாங்கிரட்டுமா, அடுத்த மாடலுக்குக் காத்திருக்கட்டுமா?” அக்காவின் பதில் எப்போதும் ஒன்றுதான்: “சாப்பாடு ஆறிப்போகுது, சாப்பிடுங்க.”

வாயைத் திறக்காதவருக்கு ஆசைகள் மட்டும் நிறைய. கடைசி சீட்டுக்கும் குளிர்காற்று வர வேண்டும், அங்கே ஏறுகிறவர் சர்க்கஸ் காட்டாமல் ஏற வேண்டும் என்று மேலிடத்தோடு மல்லுக்கு நின்று இரண்டையும் வாங்கிவிட்டார். மூன்றாவதாக வாங்கியது பொம்மை விஷயத்தில். அதுவரை கடைசி வரிசையிலும் முழு எடைப் பெரியவர்களே உட்கார்ந்திருந்தார்கள். “குடும்ப வண்டில கடைசி சீட்டு யாருக்குங்க? பசங்களுக்குத்தான். பசங்க எடைய வைங்க” என்றார். இந்த மாடலிலிருந்து பெரியவனுக்கும் சின்னவனுக்கும் பாதித் தண்ணீர் என்று ஆனது. அதிலிருந்து சின்னவன் சேட்டை செய்ய ஆரம்பித்தான். வண்டி கிளம்பினால் பின்னாலிருந்து களக்கென்று ஒரு சத்தம். “சும்மா இருடா” என்று கண்ணாடியைப் பார்த்து அதட்டிவிட்டு ஓட்டுவார். மாமனாரை இறக்கிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் நாட்களில் நானும் சிரிப்பேன்.

அக்காவின் வீட்டுக்காரர் இன்ஜின் பிரிவில் இருக்கிறார். இந்த வண்டிக்கான இன்ஜின்தான் அவர் வேலை. பழைய நாலு சிலிண்டரை எடுத்துவிட்டு மூன்று சிலிண்டர், காற்றை அழுத்தி உள்ளே தள்ள ஒரு டர்போ, கிளம்பும்போது கைகொடுக்க ஒரு சின்ன மின்மோட்டார். எரிபொருளும் புகையும் குறைய வேண்டும், ஆனால் வண்டி நிறைய ஆள் ஏறினாலும் மேட்டில் மூச்சு வாங்காமல் கிளம்ப வேண்டும். அவர் செய்ததற்கு இவர் மதிப்பெண் போட வேண்டும். வழக்காடுகிறவரும் தீர்ப்புச் சொல்கிறவரும் ஒரே வீட்டில் இருந்ததால், வீட்டில் வண்டிப் பேச்சு எடுக்கக் கூடாதென்று ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். அது நன்றாகத்தான் நடந்துவந்தது, மேட்டுச் சோதனை வரும்வரை.

மேட்டில் நிறுத்தி மறுபடி கிளப்பினால் ஒரு தடுமாற்றம். கிளம்புகிறது, ஒரு கணம் யோசிக்கிறது, பிறகு முதுகில் ஒரு தள்ளு. அக்கா எழுதிக் கொடுத்துவிட்டார். கணினி இன்ஜினில் ஒரு குறையும் இல்லை என்றது. ஆனாலும் யாரும் கணினியை நம்பவில்லை. அக்கா சொல்லி இதுவரை பொய்த்ததில்லை. இன்ஜின்காரரான அவர் வீட்டுக்காரர் எதையெதையோ மாற்றிப் பார்த்தார், தள்ளு போகவில்லை. கடைசியாக ஒரு சோதனை, அதிலும் வந்தால் இந்த மாடலுக்குப் பழைய இன்ஜினே போதும், புதியதை அதற்கடுத்த மாடலுக்குப் பார்க்கலாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அதற்கடுத்த மாடல் எப்போது வரும் என்று மேலிடத்துக்கே தெரியாது. இன்ஜின்காரரின் இளமையில் பாதியைத் தின்ற இன்ஜின் அது.

“அவரு சண்ட போட்டிருந்தாக்கூடப் பரவால்ல தம்பி” என்றார் அக்கா. “‘நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்’னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துட்டாரு. படுத்தாரே தவிர தூங்கல. இப்ப வரைக்கும் தூங்கல.” சொல்லும்போது அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது.

கடைசிச் சோதனை நாளன்று பார்த்து பிரேக் பிரிவு பொம்மைகளை இரவல் வாங்கிப் போய்விட்டது. திரும்பி வரும்வரை காத்திருக்க அக்காவுக்குப் பொறுமை இல்லை. “ஆளுங்களயே ஏத்துங்க. முடியிறது இன்னிக்கே முடியட்டும்” என்றார். ஸ்டோர் தராசில் எங்களை மூட்டை மாதிரி நிறுத்தி எடை பார்த்தார்கள். மாமியார் எடைக்கு நான் கிட்டத்தட்டப் பொருந்தினேன். ஸ்டோர்காரர் மாமனாரானார், கேன்டீன் அம்மா நாத்தனார். கடைசி வரிசைக்கு ஒல்லியானவர்கள் வேண்டும். கணக்குப் பிரிவில் ஒரு பெண் கிடைத்தாள். இன்னொரு இடத்துக்குக் கவலையில் இளைத்துப்போயிருந்த இன்ஜின்காரரே ஏறிக்கொண்டார். பசங்களைவிட இவர்கள் எடை அதிகம்தான், அதிக எடை கடினமான சோதனைதானே என்று விட்டுவிட்டார்கள்.

“எல்லாரும் பெல்ட்டு போட்டாச்சா?”

“போட்டாச்சு” என்று நாங்கள் ஒரே குரலில் சொன்னதும் அக்கா ஒரு தடவை திடுக்கிட்டார்.

மேட்டில் பாதியில் நிறுத்தினார். இன்ஜின்காரர் முன்னாலிருந்த என் சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அக்கா நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்தார். வண்டி கிளம்பியது. ஏறியது. அவ்வளவுதான். உச்சிவரை போய்த் திரும்பிவந்து மறுபடி நிறுத்திக் கிளப்பினார். மறுபடியும் அதேதான். மூன்றாவது முறை உச்சியில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார்.

“எங்க போச்சு அது?” என்றார்.

“எது?” என்றார் பின்னாலிருந்து அவர் வீட்டுக்காரர்.

“அந்தத் தள்ளு.” அக்கா கண்ணாடியில் கடைசி வரிசையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். “தம்பி, பின்னாடி களக்குன்னு ஏதாச்சும் கேட்டுச்சா?”

“இல்லக்கா.”

நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். “இன்ஜின் இல்லங்க! பசங்க! பாதித் தண்ணி! வண்டி கெளம்புறப்ப பின்னாடி போயி, திரும்ப முன்னாடி வந்து மோதியிருக்கு. நானும் சும்மா இருடா, சும்மா இருடான்னு அவனயே திட்டிக்கிட்டு, வந்த பழியெல்லாம் உங்க மேல போட்டுட்டேன்!”

“அக்காவுக்குப் பொண்ணுதானே? ஏது பசங்க?” என்று கணக்குப் பெண் என் காதில் கேட்டாள்.

மறுநாள் பொம்மைகள் திரும்பி வந்தன. பசங்களைக் கழுத்துவரை நிரப்பி ஓட்டினார்கள். தள்ளு இல்லை. பாதியாகக் குறைத்தார்கள். வந்துவிட்டது. இப்போது பசங்களுக்கென்று சின்ன அளவில், முழுக்க நிரம்பும் பொம்மை செய்யச் சொல்லி அக்கா மேலிடத்தை நச்சரித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் இந்தச் சோதனைக்கெல்லாம் முன்பே, அன்றைக்கு அந்த மேட்டிலேயே இன்ஜின் மேல் குற்றமில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாருக்கோ பிறந்த இன்ஜின், எனக்கே வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கேன்டீன் அம்மா காரணம் புரியாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இன்ஜின்காரர் என் சீட்டிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “நாளைக்கு ரெண்டு பேரையும் முழுசா நிரப்பிப் பாரு” என்றார்.

“சரிங்க.”

“நாமதான் வீட்ல வண்டியப் பத்திப் பேசுறதில்லையே. பேசியிருந்தா அந்தக் களக்க நீ என்கிட்ட சொல்லியிருப்ப.”

“சொல்லியிருப்பேன்” என்றார் அக்கா. பிறகு வண்டியைக் கிளப்பினார்.

இறக்கத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். ஸ்டோர்காரர் இந்த வண்டி வந்ததும் கடன் வாங்கியாவது ஒன்று எடுத்துவிடப் போவதாகச் சொன்னார். கேன்டீன் அம்மா கால் நீட்ட இடம் தாராளம் என்றார். தொழிற்சாலைச் சுவர் கண்ணில் பட்டபோதுதான் கணக்குப் பெண் மெதுவாகச் சொன்னாள்: “அக்கா, சார் தூங்கிட்டாரு.”

திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, கடைசி சீட்டில் அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா கண்ணாடியில் ஒரே ஒருமுறை பார்த்தார். எங்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

தூரத்திலேயே எங்களைக் கண்டுகொண்ட காவலாளி, கேட்டில் குறுக்கே கிடந்த கம்பத்தை உயர்த்திப் பிடித்தார். அக்கா பிரேக்கைத் தொடவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, கம்பத்தை இறக்கச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, இன்னொரு சுற்றுக்கு வண்டியை நேரே விட்டார்.