ஸ்கூல் லேப்டாப்பில் ஓடிய கர்னல் டெஸ்ட்

சூடான பிளாஸ்டிக் வாசனையும் புளி வாசனையும் சேர்ந்து வந்தால், எனக்கு இன்றைக்கும் காரிமங்கலம் வீட்டு முன்னறைதான் ஞாபகம் வரும்...

ஒரு பக்கம் அண்ணி புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார். இன்னொரு பக்கம் நான், ப்ளஸ் டூவில் ஸ்கூலில் கொடுத்த லேப்டாப்போடு. அடியில் காற்றுப் போக ஸ்பூன் வைத்துத் தூக்கி நிறுத்தியிருப்பேன்.

"ஏங்கண்ணு, அதும்மேல தோசையே ஊத்தலாம் போல இருக்குதே!" என்பார் அண்ணி.

காலேஜ் முடித்திருந்த நேரம். கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில், வீட்டிலிருந்தே வேலை பழகும் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தேன். என் திருத்தம் ஒன்றாவது கர்னலில் சேர்ந்தால்தான் இடம். இல்லையென்றால் தருமபுரி ஜவுளிக் கடையில் பில் போடும் வேலை. அண்ணன் அங்கே சொல்லியே வைத்துவிட்டார்.

திருத்தத்தை அனுப்பினேன். "டெஸ்ட் எல்லாம் ஓட்டி ரிசல்ட் அனுப்புங்க" என்று பதில் வந்தது.

ஓட்டினால்... எரர்!

கர்னலோடு வரும் டெஸ்ட் ஒன்றில் யாரோ புது ப்ராசஸர் கட்டளை ஒன்றைப் பெயர் சொல்லி எழுதியிருந்தார்கள். எழுதியதை மெஷின் மொழிக்கு மாற்றும் என் பழைய கம்பைலருக்கு அந்தப் பெயரே தெரியாது. அந்த ஒரு ஃபைல் நின்றதும் மொத்தமும் நின்றுவிட்டது.

கேட்டால், "கம்பைலரை அப்டேட் பண்ணுங்க" என்று ஒரே வரி. எனக்கு வந்ததே கோபம், கூடவே அழுகையும்! புதுசைப் போட்டால் அந்த லேப்டாப் மூச்சை விட்டுவிடும். கர்னலே என் கம்பைலர் போதும் என்கிறது. அதைச் சோதிக்கிற டெஸ்ட்டுக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது?

"அழுவாத கண்ணு. புளிச் சந்தை முடியற வரைக்கும் கடைப் பேச்சு எடுக்காம உங்கண்ணன நான் பாத்துக்கறேன். நீ உன் வேலையப் பாரு" என்றார் அண்ணி.

பார்த்தேன். கர்னலுக்குள்ளேயே வேறோர் இடத்தில், பெயருக்குப் பதில் கட்டளையின் எண்களை அப்படியே எழுதியிருந்தார்கள். ப்ராசஸருக்கு வேண்டியது எண்தான், பெயரெல்லாம் நமக்காக. டெஸ்ட்டிலும் அப்படியே மாற்றினேன். கடகடவென்று எல்லாம் ஓடியது!

இரண்டு திருத்தங்களையும் சேர்த்து அனுப்பினேன். எங்கிருந்தோ ஒருவர், "எங்க சர்வர்லயும் இதே கம்பைலர்தான், இப்ப ஓடுது, நன்றி" என்று எழுதினார். இரண்டும் கர்னலில் சேர்ந்தன.

"ஒத்துக்கிட்டாங்களா?" என்று கேட்ட அண்ணி, புளிக் கையோடேயே என்னைக் கட்டிக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது லேப்டாப் புதுசு, ஊர் அதே காரிமங்கலம். மற்றவர்கள் அனுப்பும் திருத்தங்களைச் சரிபார்ப்பது என் வேலை. அன்றைக்குப் புதுசாக இருந்த கம்பைலர்தான் இன்றைக்குப் பழசு. வருகிற டெஸ்ட்டையெல்லாம் முதலில் அதில்தான் ஓட்டிப் பார்க்கிறேன்.

போன வாரம் அரூர் பக்கத்துப் பெண் ஒருத்தி தன் முதல் திருத்தத்தை அனுப்பியிருந்தாள். "சாரி மேடம், என் மெஷின் ரொம்பப் பழசுங்க. ஆனா டெஸ்ட் எல்லாமே பாஸ் ஆயிருச்சுங்க."

எதுக்கும்மா சாரி... பழைய மெஷின்லயும் ஓடணும்னுதானே இத்தனையும்!

சேர்த்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கே எழுதிவிட்டேன்.