ஞானாம்பிகை மிஸ் வேண்டாமென்ற ஒரு துண்டு

செய்தி வந்தபோது நான் கிண்ணியாவில், துறைக்கு அருகிலுள்ள அலுவலகத்தில், கையொப்பத்துக்கு வந்த கோவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எமது பழைய அலுவலக உதவியாளர் நசீர் வாசலில் வந்து நின்றார். வழமையில் ஒரு பகிடியோடு உள்ளே நுழைகிறவர், அன்று கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"சேர், ஞானாம்பிகை மிஸ் மௌத்தாகிட்டா. காலையில நெஞ்சு நோவுதெண்டு இருந்தாவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முந்தியே முடிஞ்சிருக்கு."

உடனே புறப்பட்டேன். ஆனால் துறையில் பாதைப் படகை நிறுத்தியிருந்தார்கள். காரணம் சொல்லப்படவில்லை, யுத்தம் நடக்கும் இக்காலத்தில் எவரும் காரணம் கேட்பதுமில்லை. மறுநாள் படகு ஓடத் தொடங்கி நான் திருகோணமலை சேர்ந்தபோது, முதல்நாள் ஊரடங்குக்கு முன்னரே எல்லாக் கிரியைகளையும் முடித்திருந்தார்கள். கடைசியாக ஒருமுறை அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குக் கிடைக்கவில்லை. அவரோடு பணியாற்றியவர்களும், அவரிடம் ஏச்சு வாங்கியவர்களும், அவரால் உயிர் தப்பியவர்களும் வாசிக்கப்போகும் நினைவு மலர் இது. ஆதலால் நான் நேரில் கண்டவற்றை மட்டும் வரிசை பிசகாமல் எழுதுகிறேன்.

திருகோணமலையில் எமது நிவாரணப் பிரிவுக்கு நான் பொறுப்பு உத்தியோகத்தராகச் சென்றபோது, திருமதி ஞானாம்பிகை அங்கே தலைமை எழுதுவினைஞர். பதவியில் நான் மேல். வயதிலும் அனுபவத்திலும் அவர் மேல். அவர் என்னைச் 'சேர்' என்பார், நான் அவரை 'மிஸ்' என்பேன். முதல் வாரத்திலேயே ஒருவருடைய பிரியாவிடை வந்தது. கேக் வெட்டினார்கள். தட்டை நானே அவரிடம் நீட்டினேன்.

"வேண்டாம் சேர்."

"ஒரு துண்டுதானே மிஸ்?"

"ஒரு துண்டு எண்டு ஒண்டு இல்லை சேர். சாப்பிடுறது, சாப்பிடாதது எண்டு ரெண்டுதான் இருக்கு."

அருகில் நின்ற நசீர் தட்டிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்துக்கொண்டார். "கவலைப்படாதீங்க சேர். மிஸ்ஸுட பங்க எப்பவும் நான்தான் திங்கிற. நன்மை அவவுக்கு, கொலஸ்ரோல் எனக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இந்த அம்மையாருக்குப் பெருமை அதிகம் என்று மனத்தில் குறித்துக்கொண்டேன். அலுவலகத்தில் பலருடைய எண்ணமும் அதுவே. பாண், ரோல்ஸ், பிஸ்கற் எதையும் அவர் தொடுவதில்லை. அரிசிமாப் புட்டு என்று கொடுத்தாலும், அதில் கோதுமை மா கலந்திருக்கிறதா என்று கேட்காமல் வாங்குவதில்லை.

அந்தக் குறிப்பைச் சில மாதங்களின் பின் நானே அழிக்க நேர்ந்தது. கொழும்பிலுள்ள மருத்துவரிடம் செல்ல அவர் விடுமுறை கேட்டிருந்தார். விண்ணப்பத்தில் காரணம் தெளிவாக இல்லையென்று திருப்பி அனுப்பினேன். அவர் நேரில் வந்து, கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, காரணத்தைச் சொன்னார்.

இருபத்தைந்து வயது தொடக்கம் அவருக்கு வாயில் புண். பின்னர் முடி கொட்டியது. இரத்தச் சோகைக்கு ஆண்டுக்கணக்கில் இரும்புச்சத்துக் குளிசை விழுங்கியும் இரத்தம் ஏறவில்லை. பாதங்களில் எறும்பு ஊர்வது போன்ற விறைப்பு. இரண்டு கர்ப்பங்கள் கலைந்தன. இதை அவர் ஒரு தடவை மட்டுமே சொன்னார்; நானும் பிறகு ஒருபோதும் கேட்கவில்லை. ஆனால் வயிற்றில் ஒரு நோவுகூட இருந்ததில்லை.

"வாய்ப்புண்ணுக்கு ஒரு டொக்டர், ரத்தத்துக்கு ஒரு டொக்டர், காலுக்கு ஒரு டொக்டர். எல்லாரும் கெட்டிக்காரர் சேர். என்னை முழுசா ஒரு ஆளாப் பாக்கத்தான் ஒருத்தரும் இல்லாமப் போச்சு."

இறுதியில் கொழும்பில் ஒருவர் அப்படிப் பார்த்தார். இரத்தம் சோதித்து, குழாய் செலுத்திச் சிறுகுடலின் உட்சுவரில் சிறு துணுக்கு எடுத்து ஆராய்ந்து, சீலியாக் நோய் என்று உறுதிசெய்தார். கோதுமை, பார்லி முதலிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் உள்ளே சென்றால், இந்நோயாளரின் உடற்காப்பு, தன் சிறுகுடலையே தாக்கிச் சிதைக்கிறது. சிதைந்த குடலால் சத்தை உறிஞ்ச முடிவதில்லை. அதனால் ஒருவருக்கு வயிற்றோட்டம், இன்னொருவருக்குச் சோகை, வேறொருவருக்கு எலும்புத் தேய்வு அல்லது முழங்கையிலும் முழங்காலிலும் கொப்புளத்தோடு கூடிய அரிப்பு, பிள்ளையாயின் வளர்ச்சிக் குறைவு. வாழ்நாள் முழுவதும் அத்தானியங்களை விலக்குவது ஒன்றே வழி.

"மருந்து இல்லை சேர், சட்டம் மட்டும்தான்," என்றவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கு வந்திருந்தா நல்லாச் சமாளிச்சிருப்பீங்கள்."

விடுமுறையை அனுமதித்தேன்.

அதற்குப் பின் வந்த இடப்பெயர்வில் உப்புவெளிப் பக்கத்துப் பாடசாலையொன்று முகாமாயிற்று. அங்கே திரியாயிலிருந்து வந்த யோகராணி என்னும் முப்பது வயதுப் பெண், நிவாரண வரிசையில் நின்றபடியே மயங்கி விழுந்தார். பதிவேட்டோடு அமர்ந்திருந்த மிஸ் எழுந்து ஓடினார். யோகராணி கண் விழித்ததும் மிஸ் முதலில் கேட்டது பெயரையல்ல.

"பிள்ளை, வாயைத் திறவுங்கோ பாப்பம். புண் இருக்கே?"

இருந்தது. வயிற்றோட்டமும் சோகையும் இருந்தன. கர்ப்பம் இரண்டு முறை கலைந்திருந்தது. திரியாயில் சொந்த வயல். மூன்று வேளையும் சொந்த அரிசி. அதனால் நோய் ஒருவாறு அடங்கிக் கிடந்திருக்கிறது. முகாமில் நிவாரணத்தின் பெரும்பகுதி கோதுமை மா. காலையில் ரொட்டி, பகலில் ரொட்டி என்றானதும் மூன்றே மாதங்களில் அவர் எலும்பும் தோலுமானார். முகாமில் அதைக் கவலையால் வந்த மெலிவு என்றார்கள். கவலைக்கு அங்கே குறைவில்லை ஆதலால், எவரும் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

மிஸ் யோசித்தார். ஆனால் தாமே தீர்ப்புச் சொல்லவில்லை. டொக்டரிடம் அழைத்துச் சென்று, தமது சந்தேகத்தைச் சொல்லி, இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பச் செய்தார். அதுவரை ரொட்டியை விடக்கூடாது என்று யோகராணிக்குக் கட்டளை.

"மிஸ், இதுதான் நஞ்செண்டுறீங்கள். பிறகு தின்னவும் சொல்லுறீங்கள். பகிடியே விடுறீங்கள்?"

"பகிடி இல்லைப் பிள்ளை. சோதிக்க முதல் நிப்பாட்டினா ரத்தம் பொய் சொல்லும். பிறகு ஒருத்தரும் நம்ப மாட்டினம், நீங்களும் நம்ப மாட்டீங்கள்."

அந்த வாரங்கள் மிஸ்ஸுக்கு எளிதாக இருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் முகாமுக்குப் போய், அந்தப் பெண் ரொட்டி உண்பதைப் பார்த்துவிட்டு வருவார். இரத்த முடிவு வந்ததும் தமது சொந்த விடுமுறையில், சோதனைச்சாவடி சோதனைச்சாவடியாக இறங்கி ஏறி, யோகராணியைக் கொழும்புக்கு அழைத்துச் சென்று குடற் சோதனையையும் செய்வித்தார். சந்தேகம் சரி.

இனி மாவுக்குப் பதில் அரிசி தரவேண்டும். அனுமதிக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றேன். மேலிடத்துக்கு எழுதினோம். காத்திருக்கும் நாட்களில் ஒருநாள் மிஸ் கேட்டார்:

"சேர், குடுத்து முடிஞ்ச பிறகு அந்த மா ஆற்ற மா?"

"பெற்றுக்கொண்டவருடைய மா."

"அவை அதைப் பக்கத்து ஆக்களின்ர அரிசியோட மாத்தினா, உங்கட சுற்றுநிருபம் கோவிக்குமே?"

நிவாரண விதிகள் அடங்கிய சுற்றுநிருபத்தை இரண்டு தடவை வாசித்தேன். விற்கக் கூடாது என்றிருந்தது. மாற்றுவது பற்றி எதுவும் இல்லை.

"அப்ப எதுவும் இல்லையெண்டு எழுதித் தாங்கோ."

எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். இல்லாத ஒன்றை இல்லையென்று நான் எழுத்தில் உறுதிப்படுத்திய ஒரே சந்தர்ப்பம் அது. முகாமில் ஆறு வீட்டுப் பெண்கள் முறை வைத்து அரிசி கொடுத்து மா வாங்கிக்கொண்டார்கள். யோகராணியின் முகத்தில் இரத்தம் தெரியத் தொடங்கியது. ஆண்டு திரும்புமுன் அவர் மீண்டும் கர்ப்பமுற்றார்.

இனி எழுதப்போவது என்னைப் பற்றியது. எழுதாமல் விட்டால் இந்த அஞ்சலி உண்மையாகாது. நான்காம் மாதத்தில் காய்ச்சலுக்காக யோகராணியை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வேறொருவரைப் பார்க்கச் சென்ற நான், அவரைக் கட்டிலில் கண்டு மனம் இளகினேன். நோயாளியைப் பார்க்கப் போகும் எங்கள் வழக்கப்படி, மறுநாள் கிரீம் கிறேக்கர் பைக்கற்றும், சுடுநீரில் கரைத்துக் குடிக்கும் மால்ட் மா அடைத்த தகர ரின்னும் வாங்கிக்கொண்டு போனேன். பிஸ்கற் அவருக்கு ஆகாதென்பது வழியில்தான் உறைத்தது. அதை யாருக்காவது கொடுக்கட்டும், ரின் இருக்கிறதே என்று சமாதானம் செய்துகொண்டு இரண்டையும் வைத்துவிட்டு வந்தேன்.

காய்ச்சல் மாறி முகாமுக்குத் திரும்பிய யோகராணி மீண்டும் மெலிந்தார். வாய்ப்புண் வந்தது, வயிற்றோட்டம் வந்தது. இந்தக் கர்ப்பமும் நிலைக்காது என்று அக்கம்பக்கத்தில் கதை. மிஸ் ஒரு கணக்காய்வாளரைப் போலத் தேடினார். மா அரிக்கும் அரிதட்டைப் பார்த்தார், ரொட்டி சுடும் தட்டைப் பார்த்தார், அரிசி இடித்த ஆலையில் அதற்கு முன் என்ன அரைத்தார்கள் என்று விசாரித்தார். இரசத்துக்குப் போட்ட பெருங்காயத்தைக்கூட வாங்கிப் பார்த்து, கட்டியாக்குவதற்கு அதில் கோதுமை மா சேர்த்திருப்பதைக் கண்டு எறிந்தார். எனினும் குணமில்லை. கடைசியாகப் பாயின் தலைமாட்டில், துணியால் மூடியபடி, பாதிக்குமேல் காலியான ரின் இருந்தது.

"பிஸ்கற்றை அங்கயே குடுத்திட்டன் மிஸ். இது பால்மா எண்டு நினைச்சனான். அதோட, சேர் கொண்டந்து தந்தது. எப்பிடி வேண்டாமெண்டுறது?"

மிஸ் அன்று பிற்பகல் என் மேசைமீது அந்த ரின்னை வைத்தார். முன்பக்கத்தில் சிரிக்கும் ஒரு குடும்பத்தின் படம். அவர் அதைத் திருப்பி, பின்பக்கம் என் முகத்துக்கு நேராக வரும்படி வைத்தார்.

"வாசியுங்கோ."

வாசித்தேன். பார்லி மால்ட். கோதுமை மா. எந்த ஆவணத்தையும் வாசிக்காமல் கையொப்பமிடாத நான், ஒரு கர்ப்பிணிக்குக் கொடுத்த பொருளை வாசிக்காமல் கொடுத்திருந்தேன். அப்போதுதான் அவர் முதன்முறையாக என்னைத் தம்பி என்றார்.

"தம்பி, நீங்கள் ஒருநாள் சட்டத்தை விட்டிட்டு இரக்கம் பாத்தீங்கள். இரக்கம் எல்லாரிட்டையும் கிடக்கு. ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலயும் ரின் ரின்னாக் கிடக்கு. பின்பக்கத்தை வாசிக்கிற ஆள்தான் இல்லை. எழும்புங்கோ, முகாமுக்குப் போவம்."

போனோம். யோகராணியின் முன் அமர்ந்து, அந்தப் பின்பக்கத்தை நானே உரக்க வாசித்துக் காட்டி, மன்னிப்புக் கேட்டேன். அவர் கூச்சத்தோடு, "பரவாயில்லை சேர்," என்றார். பரவாயில்லையா என்பது தெரிய ஐந்து மாதங்கள் எடுத்தன. பெண் குழந்தை. எடையில் சற்றுக் குறைவு. குரலில் எந்தக் குறையும் இல்லை. அரிசிக்கான மேலிடத்து அனுமதி வந்தபோது அது தவழ்ந்துகொண்டிருந்தது. குழந்தைக்கு மிஸ்ஸின் பெயரையே வைக்கத் தகப்பன் விரும்பினார். மிஸ் கையெடுத்துக் கும்பிட்டார். "தாய்க்கு இருக்கிறதால பிள்ளைக்கும் இந்த வருத்தம் வரலாம் எண்டு நானே பயந்துகொண்டிருக்கிறன். என்ர பேரும் சேர்ந்தா நிச்சயம் வந்திடும்."

அதன் பின்னர்தான் அவர் ஊரூராகப் பேசத் தொடங்கினார். குடும்பநல மாதர், ஆசிரியர், கிராம சேவகர் எங்கே கூடினாலும் அரை மணி நேரம் கேட்டு வாங்குவார். தொடக்கம் எப்போதும் ஒன்றே. "வயித்துவலி இருக்கிற ஆக்கள் கை உயர்த்துங்கோ." சிலர் உயர்த்துவார்கள். "நான் உயர்த்தேல்லை, பாத்தீங்களே? எனக்கு ஒருநாளும் வயித்துவலி இல்லை. ஆனா வருத்தம் எனக்குத்தான்." பிறகு, மாறாத சோகை, ஆறாத வாய்ப்புண், வளராத பிள்ளை, கலையும் கர்ப்பம், விறைக்கும் கால் என்று அவர் சொல்லிக்கொண்டு போகையில் கூட்டத்தில் சலசலப்பு அடங்கும். உணவுப் பொருட்களின் பின்பக்கங்களை வாசிப்பது என் பங்கு. ரின்னின் கதையையும் நானே சொல்லவேண்டும். அதில் விலக்குத் தரமாட்டார்.

எமது பகுதியில் இந்நோய் அரிது என்று ஒருமுறை ஒருவர் எழுந்து கூறினார். "காணேல்லையா, தேடேல்லையா?" என்று மட்டும் மிஸ் கேட்டார். ஆயினும் எவரையும் அவர் பயமுறுத்தவில்லை. "சந்தேகப்படுறது என்ர வேலை. சொல்லுறது டொக்டரின்ர வேலை. அதுவரை நீங்களா ஒண்டையும் நிப்பாட்டாதேங்கோ," என்பார். அவர் அனுப்பியவர்களில் பெரும்பாலோருக்கு இந்நோய் இல்லை. சிலருக்கு இருந்தது. அவர்கள் இன்று வேலைக்குப் போகிறார்கள், வயல் செய்கிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள். இந்த யுத்தம் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டவர்களின் பட்டியலை எல்லோரும் அறிவோம். திருப்பி எடுக்கப்பட்ட சிலரின் பட்டியலும் எங்கள் அலுவலகத்தில், ஒரு தலைமை எழுதுவினைஞரின் திருத்தமான கையெழுத்தில் இருக்கிறது. அவரோடு பணியாற்றினேன் என்பதை என் பதவிகள் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்லிக்கொள்வேன்.

தாமதித்துச் சென்ற அன்று, அவருடைய வீட்டுக் குசினியில் அடுப்பருகே யோகராணி நின்றார். வருகிறவர்களுக்குத் தேநீரோடு கொடுக்க உறவினர் ஒருவர் பிஸ்கற் பெட்டி கொண்டுவந்திருந்தார். யோகராணி அதை வாங்கி வெளியே வைத்தார்.

"அவதானே இல்லை, இனி என்ன?" என்றார் உறவினர்.

"அவ இல்லை. நான் இருக்கிறன்," என்றார் யோகராணி. எனக்குப் பால் சேர்க்காத தேநீரும் ஒரு துண்டு பனங்கட்டியும் வந்தன.

என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ரின். எத்தனை இடமாற்றங்கள் வந்தாலும் அது என் மேசையில் இருக்கும்; பேனாக்கள் போட்டு வைத்திருக்கிறேன். நோயாளியைப் பார்க்கப் போகும்போது, "உங்களுக்கு என்ன ஏலாது?" என்று கேட்ட பின்னரே இப்போது எதையும் வாங்குகிறேன். முன்பக்கத்துப் படம் எதிரே வந்து அமர்கிறவர்களுக்கு. பின்பக்கத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன், அவர் வைத்தபடியே.