கலையரசியின் விடைத்தாள்

முதுநகரில் எங்கள் பள்ளி ஆய்வகத்துக்குள் நுழைந்தால் அமிலத்தின் காட்டமும் ஜன்னல் வழியே வரும் கருவாட்டு வாடையும் ஒன்றாய்க் கலந்து மூக்கில் ஏறும். பதினொன்றாம் வகுப்பில் அங்கே நானும் கலையரசியும் ஒரே மேசை. அவள் கடலோரக் குப்பத்துப் பெண், அப்பா மீன்பிடி ‘போட்டு’க்குப் போகிறவர், நான் எப்போதும் முதல் மாணவி, அவள் மதிப்பெண்ணில் என்னை நெருங்கி வருவது எனக்குப் பிடிக்கவில்லை.

சிதம்பரத்து வினாடிவினாவுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேதியியல் மிஸ் ஒரு தேர்வு வைத்து, தாள்களை எங்களையே மாற்றித் திருத்தச் சொன்னார். கலையரசியின் தாள் என்னிடம் வந்தது. அமிலமும் காரமும் நடுநிலையாகும்போது எதிலும் சேராமல் சமன்பாட்டின் இருபுறமும் அப்படியே நிற்கும் ‘பார்வையாளர் அயனி’களைக் கண்டுபிடிக்க வேண்டும். கந்தக அமிலம், பேரியம் ஹைட்ராக்சைடு கேள்விக்கு நான் பேரியம், சல்பேட் என்று எழுதியிருந்தேன். அவளோ ‘எதுவுமில்லை’ என்று எழுதியிருந்தாள். எனக்குத் தெரியாதது இவளுக்கு எப்படித் தெரியும் என்ற திமிரில் சிவப்பு மையால் பெருக்கல் போட்டேன். என் தாளைத் திருத்திய கலையரசியோ, நான் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று ‘டிக்’ போட்டுவிட்டாள். ஒரு மதிப்பெண்ணில் முந்தினேன்.

“அது ரெண்டும் சேந்து வெள்ளையா அடியில படிஞ்சிடும்லடி? அப்புறம் எங்க அயனி இருக்கும்?” என்று கலையரசி கேட்டாள்.

“எல்லாத்துலயும் ரெண்டு இருக்கும்டி” என்றேன். நம்பிவிட்டாள்.

அன்று மாலையே புத்தகத்தைப் புரட்டினேன். அவள் எழுதியதுதான் சரி. போட்டிக்கு முன் மிஸ்ஸிடம் சொல்ல இரண்டு நாள் அவகாசம் இருந்தது. ஆனால் “எம்பொண்ணுதான் சிதம்பரம் போவுது” என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள், அதைச் சாக்காக வைத்து வாயை மூடிக்கொண்டேன். உங்களிடம் சொல்லவே கூசுகிறது: சிதம்பரத்தில் அதே கேள்வி வந்தது. “எதுவுமில்லை, சார்” என்றேன். கைதட்டினார்கள், கேடயம் கொடுத்தார்கள். மறுநாள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, “என்னடி கேட்டாங்க?” என்றாள் கலையரசி. மறந்துவிட்டது என்றேன். பன்னிரண்டாம் வகுப்போடு அவள் அறிவியலை விட்டாள்.

இப்போது அந்த ஆய்வகம் இல்லை. இடித்துவிட்டுச் சைக்கிள் நிறுத்த இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். போன மாதம் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு துணிக்கடை வாசலில் கலையரசியைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற மகளை முன்னால் தள்ளிவிட்டுச் சிரித்தாள்.

“இவளுக்கு கெமிஸ்ட்ரி நல்லா வருதுடி. எனக்குத்தான் மண்டையில ஏறவே இல்ல. அந்தத் தேர்வுல ‘எதுவுமில்லை’ன்னு தப்பா எழுதி, நீதான சொல்லிக் குடுத்த?”

அப்போதும் நான் சொல்லவில்லை.